ஃப்ரீபிஎஸ்டி கரன்ட்டை மூலநிரலிலிருந்தே புதுப்பித்து வைத்திருப்பது எப்படி?

கேட்டவர் ஒரு பழைய லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளத்தைப் போட்டுச் சில மாதங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது இன்னும் வளர்ச்சியில் இருக்கும் கரன்ட் கிளைக்கு மாறவேண்டும், மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்து புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும் என்று ஆசை. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது, எந்த வரிசையில் செய்வது, உடைந்தால் என்ன செய்வது, இருக்கிற ஒரே கணினியில் இதைச் செய்யலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நேற்றுவரை ஒழுங்காக ஓடிய சிஸ்டத்துக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பிவர உங்களிடம் வழி இருக்கவேண்டும். அந்த வழியை முதலில் அமைத்து, ஒருமுறை திரும்பி வந்தும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முதல் பில்டையே தொடங்கவேண்டும். பெரும்பாலும் கட்டளைகளை முதலில் சொல்லிவிட்டு மீட்பைக் கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். நான் மீட்பை முன்னால் வைக்கிறேன். கட்டளைகள் மொத்தமே ஏழெட்டு. ஒரு மாலையில் மனப்பாடம் ஆகிவிடும்.

முதலில், எங்கே போகிறீர்கள் என்று பார்த்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலும் (வன்பொருளைக் கையாளும் மையப் பகுதி) அடிப்படைக் கருவிகளும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. அதில் மெயின் என்ற கிளையைத்தான் கரன்ட் என்கிறோம். டெவலப்பர்கள் எழுதுவது முதலில் வந்து சேரும் இடம் அது. அங்கே சில நாட்களோ வாரங்களோ ஓடிப் பழகிய மாற்றங்கள் ஸ்டேபிள் கிளைகளுக்கு இறங்கும். கமிட் (களஞ்சியத்தில் பதியும் ஒவ்வொரு மாற்றம்) குறிப்புகளில் எம்எஃப்சி என்ற மூன்றெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். கரன்ட்டிலிருந்து இப்படி இறக்குவதற்குத்தான் அந்தப் பெயர். 2025 டிசம்பரில் 15.0 வெளியானது. அதற்கான ஸ்டேபிள் கிளை பிரிந்ததுமே மெயின் 16-கரன்ட் ஆகிவிட்டது. அதாவது 14-இல் இருக்கும் நீங்கள் இரண்டு படி தாண்டப் பார்க்கிறீர்கள். ஒரே தாவலில் போகவேண்டாம். முதலில் 15-க்கு வந்து, அங்கே எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினுக்குப் போங்கள். அல்லது கரன்ட்டின் ஸ்னாப்ஷாட் ஒன்றை இறக்கிப் புதிதாகவே நிறுவிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப் என்பதால் இரண்டாவது வழி மின்சாரத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீபிஎஸ்டி கையேடே கரன்ட் யாருக்கு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறது. மூலநிரலில் வேலை செய்பவர்கள், சோதித்துப் பழுது சொல்ல முன்வருபவர்கள், என்ன நடக்கிறது என்று கவனித்துவர விரும்புபவர்கள் என்று மூன்று வகை. புது வசதிகளை மற்றவர்களுக்கு முன்பே பெறும் குறுக்குவழி என்றோ, பழுது நீக்கங்களை வேகமாகப் பெறும் வழி என்றோ அதை நினைக்கக் கூடாது, அதிகாரபூர்வ ஆதரவும் கிடையாது என்றும் அதே கையேடு எச்சரிக்கிறது. புதிய வைஃபை டிரைவர் வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் காரணம் என்றால் ஸ்டேபிள் கிளையே போதும். கீழே நான் சொல்லும் முறை முழுவதும் அதற்கும் அப்படியே பொருந்தும், தலைவலி மட்டும் குறைவு. கம்பைல் செய்வதிலேயே ஆர்வமில்லை, புதியது ஓடினால் போதும் என்றால், அடிப்படை சிஸ்டத்தையே பேக்கேஜ்களாகத் தரும் பிகேஜிபேஸ் முறையில் மெயின் கிளையையும் பின்தொடரலாம். உங்களுக்கு மூலநிரலோடு பழகும் ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கரன்ட்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரமே "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று சொல்வார்கள். காரணம் உண்டு. மெயின் கிளையின் வழக்கமான ஜெனெரிக் கெர்னலில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற சோதனைகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலுக்குள் டேட்டாவைக் காக்கும் பூட்டுகள் எந்த வரிசையில் பிடிக்கப்படுகின்றன என்று விட்னஸ் ஒவ்வொன்றையும் கண்காணிக்கும். டேட்டா அமைப்புகள் இருக்கவேண்டிய நிலையில் இருக்கின்றனவா என்று இன்வேரியன்ட்ஸ் பார்க்கும், இல்லையென்றால் அங்கேயே கெர்னலை நிறுத்திவிடும். நினைவக ஒதுக்கீட்டிலும் கூடுதல் சரிபார்ப்பு உண்டு. தினசரி வேலைக்கு ஜெனெரிக்-நோடீபக் என்ற கெர்னல் அமைப்பு தயாராகவே இருக்கிறது. அதைத் தேர்ந்து கம்பைல் செய்தால் வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும். இருந்தாலும், லேப்டாப் தாங்குகிறது என்றால் முதல் மாதம் சோதனைகளோடே ஓட்டிப் பாருங்கள். கரன்ட்டில் நீங்கள் இருப்பதால் திட்டத்துக்குக் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி அந்தச் சோதனைகள் வழியாகத்தான் போகிறது.

சரி, திரும்பிவரும் வழி.

இன்ஸ்டாலர் கேட்கும்போது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்படி நிறுவிய சிஸ்டத்தில் பூட் சூழல் என்ற வசதி வேலை செய்யும். ஓடும் சிஸ்டத்தின் முழு நகலை, கிட்டத்தட்ட இடமே எடுக்காமல், ஒரு நொடியில் ஒரு பெயரில் வைத்துக்கொள்ளலாம். பிஇசிடிஎல் என்ற கருவியில் கிரியேட் என்று சொல்லி, தேதியையே பெயராகக் கொடுத்துவிட்டால் போதும். மறுநாள் புதுக் கெர்னல் பாதியில் நின்றால், பூட் மெனுவில் பழைய சூழலைத் தேர்ந்து உள்ளே வந்துவிடலாம். இன்ஸ்டாலர் போட்டுத்தரும் அமைப்பில் வீட்டுக் கோப்பகங்களும் லாக் கோப்புகளும் இந்தச் சூழலுக்கு வெளியே இருக்கும்; யுஎஸ்ஆர்-லோக்கல் அடியில் இருக்கும் பேக்கேஜ்களும் அவற்றின் பதிவேடும் உள்ளே இருக்கும். அதனால் பின்னுக்குப் போகும்போது உங்கள் கோப்புகள் இன்றைய நிலையிலேயே இருக்க, பேக்கேஜ்கள் மட்டும் பழைய கெர்னலுக்குப் பொருத்தமான நிலைக்குச் சேர்ந்தே திரும்பும். யோசித்துச் செய்த பிரிவினை அது. ஒரு சின்ன விஷயம்: கம்பைல் ஆகும் கோப்புகள் சேரும் யுஎஸ்ஆர்-ஓபிஜே கோப்பகம் வழக்கமான அமைப்பில் பூட் சூழலுக்குள் விழுகிறது. அதைத் தனி டேட்டாசெட்டாக (தனியாக மவுன்ட் ஆகும் இசட்எஃப்எஸ் பகுதி) பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பழைய சூழலும் பல ஜிபி பில்ட் மிச்சங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு டிஸ்க்கை நிரப்பிவிடும்.

இன்னொரு கோப்பு முறைமையான யுஎஃப்எஸ் போட்டிருந்தால் இந்த வசதி கிடையாது. கெர்னலுக்கு மட்டும் ஒரு சின்னப் பாதுகாப்பு இருக்கிறது. புதுக் கெர்னலை நிறுவும்போது பழையது கெர்னல்.ஓல்ட் என்ற பெயரில் ஒதுக்கி வைக்கப்படும். ஆனால் புதியது பூட் ஆகி, பத்து நிமிடம் கழித்துத் தடுமாறுகிற ரகமாக இருந்து, நீங்கள் மறுபடியும் கம்பைல் செய்து நிறுவினால், ஓல்ட் இடத்தில் அந்தத் தடுமாறும் கெர்னல்தான் உட்கார்ந்திருக்கும். நல்ல கெர்னலை வேறு பெயரில் தனியாக நகலெடுத்து வையுங்கள். இதைத் தாண்டி, யுஎஃப்எஸ் உள்ள ஒரே கணினியில் கரன்ட் ஓட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் அனுபவம். பல வருடங்களுக்கு முன் ஒரு கோடை இரவில், வேர்ல்டை, அதாவது கெர்னல் தவிர்த்த அடிப்படைக் கருவிகளையும் லைப்ரரிகளையும், நிறுவிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. யுஎஃப்எஸ், யுபிஎஸ் கிடையாது. திரும்ப ஏற்றியபோது பாதி லைப்ரரிகள் புதியவை, பாதி பழையவை. கோப்புப் பட்டியலைப் பார்க்கும் கட்டளைகூட ஓட மறுத்தது. அன்று காப்பாற்றியது ரெஸ்க்யூ என்ற கோப்பகம். எந்த லைப்ரரியையும் சாராமல் தனியாகவே ஓடும்படி கம்பைல் செய்த அவசரக் கருவிகளை ஃப்ரீபிஎஸ்டி அங்கே வைத்திருக்கிறது. அவற்றைக் கொண்டு டிஸ்க்கைச் சரிபார்த்து, மவுன்ட் செய்து, நிறுவலை மறுபடி ஓட்டி முடிக்க விடிந்துவிட்டது. பில்ட் நடக்கும்போது மின்சாரம் போனால் நேரம்தான் வீண். நிறுவும்போது போனால் சிஸ்டமே போகலாம். லேப்டாப் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட் சூழலையே செல்லாக்காசாக்கிவிடும் ஒரு கட்டளை இருக்கிறது: இசட்பூல் அப்கிரேட். பூல் என்பது இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைத் திரட்டி அமைக்கும் சேமிப்பிடம். புது கெர்னலில் ஏறியதும் "உங்கள் பூலில் சில புதிய அம்சங்கள் இயக்கப்படவில்லை" என்று ஸ்டேட்டஸ் காட்டும். அது பழுது இல்லை, விட்டுவிடுங்கள். அம்சத்தை இயக்கி, அது ஒருமுறை பயன்பாட்டுக்கு வந்துவிட்டால், பழைய கெர்னலால் அந்தப் பூலில் எழுத முடியாமல் போகலாம். சில அம்சங்களுக்குத் திறக்கவே முடியாது. திரும்பிவரும் எல்லா வழியும் ஒரே நொடியில் அடைபடும். பூட்லோடருக்கும் இது பொருந்தும். யுஇஎஃப்ஐ கணினிகளில் வேர்ல்டை நிறுவினாலும் இஎஃப்ஐ பகுதியில் இருக்கும் லோடர் தானாக மாறாது. லோடர் கோப்பை நீங்கள்தான் அங்கே நகலெடுக்கவேண்டும். அதைச் செய்யாமல் பூலை மேம்படுத்தினால் லோடரால் பூலைப் படிக்க முடியாமல் போகக்கூடும். என் பழக்கம்: லோடரை அவ்வப்போது புதுப்பிப்பேன், பூலை வருடத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் இனி பழைய சூழல் எதுவும் வேண்டாம் என்று உறுதியான பிறகு மேம்படுத்துவேன்.

வழி தயார். இனி படிப்பு. மூலநிரல் மரத்தின் உச்சியிலேயே அப்டேட்டிங் என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பு இருக்கிறது. தேதி போட்டு, புதியது மேலே இருக்கும்படி, எச்சரிக்கை தேவைப்படும் மாற்றங்களை அதில் எழுதிவைப்பார்கள். கடைசியாக நீங்கள் பில்ட் செய்த தேதிக்குப் பிறகு சேர்ந்த குறிப்புகள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் பில்டைத் தொடங்கும் மேக் கட்டளையைத் தட்டவேண்டும். பெரும்பாலான வாரங்களில் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் இரண்டு மூன்று பத்திகள்தான். 14-இன் வளர்ச்சிக் காலத்தில் என்விஎம்இ டிஸ்க்குகளின் வழக்கமான டிரைவர் என்விடி என்பதிலிருந்து என்டிஏ என்பதற்கு மாறியது அந்தக் கோப்பில் இருந்தது. பழைய பெயரிலும் இணைப்பு கிடைக்கும்படி செய்திருந்தார்கள் என்றாலும், டிஸ்க் பெயர்களை ஸ்கிரிப்ட்களில் நேரடியாக எழுதிவைத்திருந்தவர்கள் படித்திருந்தால் தயாராக இருந்திருப்பார்கள்.

படிக்காததற்கான விலையை ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். அதுவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில்.

வரிசை இது: புது வேர்ல்டை பில்ட் செய்யவேண்டும், பிறகு புதுக் கெர்னலை பில்ட் செய்து நிறுவவேண்டும், ரீபூட் செய்து ஒற்றைப் பயனர் நிலையில் (வழக்கமான சேவைகள் தொடங்காத பராமரிப்பு நிலை) ஏறவேண்டும், அப்புறம்தான் வேர்ல்டை நிறுவவேண்டும். வேர்ல்ட் முதலில் பில்ட் ஆவதற்குக் காரணம், கெர்னலை கம்பைல் செய்யப்போகும் கம்பைலரும் லிங்கரும் அதற்குள்தான் உருவாகின்றன. பழைய கருவிகளால் புதுக் கெர்னலைச் செய்ய முடியும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் நிறுவும்போது கெர்னல் முந்துகிறது. ஏனென்றால் புதுக் கெர்னலுக்குப் பழைய புரோகிராம்களை ஓட்டத் தெரியும். பழைய பதிப்புகளுக்கான ஒத்திசைவு வேண்டுமென்றே அதில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கெர்னலுக்கோ புதுப் புரோகிராம்கள் கேட்கும் சிஸ்டம் கால்கள் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) தெரியாது.

2017 மே மாதம் இது நிஜமாகவே சோதிக்கப்பட்டது. அப்போது 12-கரன்ட். கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாளமான ஐநோட் எண்ணை 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரித்த மாற்றம் மெயினுக்கு வந்தது. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் ஒரு கோப்பின் விவரத்தைக் கேட்கும் ஸ்டாட், கோப்பகத்தைப் படிக்கும் அழைப்பு என்று தொட்டதெல்லாம் அந்த எண்ணைச் சுமக்கிறது. கட்டமைப்புகளின் அளவே மாறியது. அழைப்புகளுக்குப் புதிய எண்கள் வந்தன. புதுக் கெர்னலில் ஏறிய பிறகே வேர்ல்டை நிறுவுங்கள் என்று அப்டேட்டிங் கோப்பு அன்று அழுத்திச் சொன்னது. "இத்தனை நாள் ரீபூட் செய்யாமலே வேர்ல்டை நிறுவியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பழகியவர்கள் அன்று செய்திருந்தால், நிறுவல் பாதி போனதும் புது லைப்ரரி பழைய கெர்னலிடம் அதற்குத் தெரியாத அழைப்பைக் கேட்கும், ஒவ்வொரு கட்டளையாகச் செத்து விழும். பெரும்பாலான வாரங்களில் வரிசையை மீறினாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். எந்த வாரம் ஆகும் என்பது முன்கூட்டித் தெரியாததால்தான் எல்லா வாரமும் அதே வரிசை.

இனி நடைமுறை. மூலநிரலை முதன்முறை இறக்கும்போது கடைசி கமிட்களை மட்டும் இறக்கும் மேலோட்டமான குளோன் வேண்டாம். கொஞ்சம் டேட்டா அதிகமானாலும் முழு வரலாற்றோடு இறக்குங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். அடுத்தடுத்த முறைகளில் கிட் புல் போதும், ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் மட்டும் என்ற விருப்பத்தோடு. மேக் பில்ட்வேர்ல்ட் ஓடும்போது எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை வேலைகள் இணையாக ஓட ஜே என்ற விருப்பத்தைக் கொடுங்கள். நேரத்தில் பெரும்பகுதியை எல்எல்விஎம்மும் கிளாங்கும் விழுங்கும். 2014 ஜனவரியில் வந்த 10.0-இலிருந்து கிளாங்தான் வழக்கமான கம்பைலர். அது தன்னையே கம்பைல் செய்யும்போது நினைவகத்தையும் நிறையக் கேட்கும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் என்றால் இணை வேலைகளைக் குறைத்து, ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) போதுமா என்று பார்த்துவிட்டு, இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். இரண்டாவது முறையிலிருந்து மெட்டா மோட் கைகொடுக்கும். ஃபைல்மான் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றி, எஸ்ஆர்சி-என்வ்.கான்ஃப் கோப்பில் அதை இயக்கினால், ஒவ்வொரு கோப்பும் எதையெல்லாம் படித்து உருவானது என்று குறித்துவைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். கம்பைலர் மாறாத வாரங்களில் இரவு வேலை அரை மணி வேலையாகச் சுருங்கக்கூடும்.

பில்ட் முடிந்ததும் பூட் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு கெர்னலை நிறுவி, ரீபூட் செய்து, ஒற்றைப் பயனர் நிலையில் இறங்கி, ரூட்டை எழுதும்படி மவுன்ட் செய்து மற்றவற்றையும் ஏற்றுங்கள். விண்டோஸும் அதே லேப்டாப்பில் இருந்து, வன்பொருள் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது என்றால் இங்கே ஒரு கண்ணி உண்டு. ஒற்றைப் பயனர் நிலையில் அந்த நேரத்தை யுடிசி என்று நினைத்துக்கொண்டு சிஸ்டம் ஐந்தரை மணி நேரம் முன்னால் போய்விடும். மேக் என்பதே கோப்பு நேரங்களை நம்பி வாழும் கருவி. அட்ஜ்கெர்ன்ட்இசட் கட்டளையை ஐ விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து எட்சிஅப்டேட் கருவியைப் பி விருப்பத்தோடு ஓட்டவேண்டும். வேர்ல்டை நிறுவ அவசியமான புதுப் பயனர்கள், குழுக்கள் இருந்தால் அது முதலில் சேர்க்கும். அப்புறம் மேக் இன்ஸ்டால்வேர்ல்ட். பிறகு எட்சிஅப்டேட் மறுபடியும், இம்முறை முழுதாக. நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்புகளையும் திட்டத்தில் மாறியவற்றையும் மூன்று பக்கமும் ஒப்பிட்டு அதுவே இணைத்துவிடும். முடியாதவற்றை மட்டும் முரண் என்று ஒதுக்கி உங்களிடம் கேட்கும். இதற்கு முன்பு மெர்ஜ்மாஸ்டர் என்ற கருவி இருந்தது. அது ஒவ்வொரு கோப்பையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகும். நூறாவது கேள்வியில் களைத்துப்போய், பயனர் கணக்குகள் இருக்கும் மாஸ்டர்.பாஸ்வேர்ட் கோப்புக்கும் "புதியதை நிறுவு" என்று அழுத்திவிட்டேன். ரீபூட் செய்தால் என் கணக்கே இல்லை, ரூட்டுக்குக் கடவுச்சொல்லும் இல்லை. அன்றிலிருந்து அமைப்புக் கோப்புகளின் நகல் ஒன்றை வேறு டிஸ்க்கில் எடுக்காமல் இந்தப் படியைத் தொடுவதில்லை. எட்சிஅப்டேட் வந்த பிறகு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது, நகலெடுக்கும் பழக்கத்தை நான் விடவில்லை.

இந்தப் படிகளைக் கையால் நாலைந்து முறை செய்து புரிந்த பிறகு, மூலநிரல் மரத்தின் டூல்ஸ்-பில்ட் கோப்பகத்தில் இருக்கும் பிஇன்ஸ்டால் ஸ்கிரிப்டைப் பாருங்கள். ஓடும் சிஸ்டத்தைத் தொடாமல், புதிய பூட் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள்ளேயே கெர்னலையும் வேர்ல்டையும் நிறுவி, அமைப்புக் கோப்புகளையும் இணைத்து முடிக்கும். ரீபூட் செய்தால் புதியது, பிடிக்கவில்லை என்றால் பழையது. நடுவில் மின்சாரம் போனாலும் கெடுவது அந்தப் புதுச் சூழல் மட்டும்தான். இப்போது நான் செய்வது இந்த முறையில்தான்.

மேக் டெலீட்-ஓல்ட் என்பது இனி தேவையில்லாத கோப்புகளை நீக்கும், உடனே செய்யலாம். டெலீட்-ஓல்ட்-லிப்ஸ் மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். 2023 ஜூனில் மெயினில் குறியாக்க லைப்ரரித் தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0 வந்தது. அதன் பழைய லிப்கிரிப்டோவை நம்பி கம்பைல் ஆன பேக்கேஜ்கள் அத்தனையும் அந்த லைப்ரரி இருக்கும்வரைதான் ஓடும். பேக்கேஜ்கள் புதிய லைப்ரரிக்கு மாறிய பிறகு நீக்கினால் ஒரு சேதமும் இல்லை. ஒரு நாள் முந்தினால் பிரவுசரும் வராது, கிட் கட்டளையும் வராது.

பேக்கேஜ்கள் பற்றி இன்னும் இரண்டு விஷயம். கெர்னலுக்குள் ஏறும் மாட்யூல்கள் பேக்கேஜாக இருந்தால் அவை உங்கள் கெர்னலோடு துல்லியமாகப் பொருந்தவேண்டும். லேப்டாப்பில் இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் மாட்யூலான டிஆர்எம்-கேமாட். கரன்ட்டுக்கு வந்தவர்கள் "புதுப்பித்தேன், திரை கறுப்பாகிவிட்டது" என்று சொல்வதற்கு முதல் சந்தேகம் இதுதான். பேக்கேஜ்களைக் கம்பைல் செய்யும் குறிப்புகள் இருக்கும் போர்ட்ஸ் மரத்தை இறக்கி வைத்து, மேக்.கான்ஃப் கோப்பில் போர்ட்ஸ்_மாட்யூல்ஸ் என்ற மாறியில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டால், கெர்னல் கம்பைல் ஆகும் ஒவ்வொரு முறையும் மாட்யூலும் சேர்ந்தே கம்பைல் ஆகும். இரண்டாவது: ரொம்ப நாள் புதுப்பிக்காமல் இருந்துவிட்டு பேக்கேஜ்களை மட்டும் மேம்படுத்தப் போனால், "இந்தப் பேக்கேஜ் உங்களைவிடப் புதிய சிஸ்டத்தில் செய்தது" என்று கேட்கும். மெயினில் ஒரு பதிப்பு எண் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது, 14.0 வெளியானபோது அது 1400097. யுநேம் கட்டளையில் பெரிய கே கொடுத்தால் கெர்னலின் எண்ணையும், பெரிய யு கொடுத்தால் வேர்ல்டின் எண்ணையும் காட்டும். அந்தக் கேள்வி வந்தால் ஆமாம் என்று அழுத்தித் தாண்டுவதைவிட முதலில் சிஸ்டத்தைப் புதுப்பிப்பதே சரி.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? மாதம் ஒருமுறை என்பேன். தினமும் செய்தால் பாதி கமிட் வந்து மீதி வராத நேரத்தில் மாட்டுவீர்கள். ஆறு மாதம் விட்டால் படிக்கவேண்டிய குறிப்புகளும், ஏதாவது உடைந்தால் சந்தேகப்படவேண்டிய கமிட்களும் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். மாதத்தில் எந்த நாள் என்பதற்கும் இப்போது நல்ல பதில் இருக்கிறது. 2024-லிருந்து மாத இறுதியில் நிலைப்படுத்தும் வாரம் என்று ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள். மெயினில் ஒரு கமிட்டைக் குறித்துக்கொண்டு அதைத் தீவிரமாகச் சோதித்து, கண்ட பழுதுகளைச் சொல்வார்கள். முன்னெடுத்தவர் க்ளெப் ஸ்மிர்னோவ். வீடியோ அனுப்பும் தன் சர்வர்களில் கரன்ட்டையே ஒட்டி ஓட்டும் நெட்ஃபிளிக்ஸின் சோதனையும் அந்த வாரத்தில் சேர்கிறது. அந்த வாரம் முடிந்ததும் அறிவிக்கப்படும் கமிட்டில் நின்று பில்ட் செய்வது, கண்ணை மூடிக்கொண்டு இன்றைய மெயினை இறக்குவதைவிடப் பலமடங்கு பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. 2014 அக்டோபர் இறுதியிலிருந்து 2015 பிப்ரவரிவரை, சுமார் நான்கு மாதம், கரன்ட் கெர்னலின் ரேண்டம் எண் உருவாக்கியில் பழுது இருந்தது. விதையே சரியாகப் போடப்படவில்லை. கணினி ஓடியது, எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. பழுதைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் காலத்தில் உருவாக்கிய எஸ்எஸ்எச் சாவிகள் உட்பட எல்லாச் சாவிகளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கும்படி அறிவித்தார்கள். ரிலீஸ் பதிப்பு எதிலும் அது இல்லை. 2023 ஏப்ரலில் டேட்டாவைப் பிரதியெடுக்காமலே கோப்பை நகலெடுக்கும் ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸின் ப்ளாக் குளோனிங் மெயினுக்கு வந்தபோது கோப்புகளின் உள்ளடக்கமே கெடும் பழுதுகள் வெளிப்பட்டன. அவ்வருட நவம்பரில் 14.0 வெளியானபோது அந்த வசதி அணைக்கப்பட்டே வந்தது. இரண்டிலும் பூட் சூழல் உதவாது. கெட்ட சாவியும் கெட்ட கோப்பும் பின்னுக்குப் போனாலும் அப்படியே இருக்கும். அதனால் முக்கியமான சாவிகளை கரன்ட் கணினியில் உருவாக்காதீர்கள். பேக்கப்பை ரிலீஸ் ஓடும் வேறு கணினிக்கோ, குறைந்தது வேறு டிஸ்க்குக்கோ எடுங்கள், பழைய பேக்கப்களைச் சில மாதம் அழிக்காமல் வையுங்கள்.

புதியது என்பதாலேயே பயப்படவும் தேவையில்லை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று புகுத்தப்பட்டது வெளியே வந்தது. மெயினிலும் ஸ்டேபிள் கிளைகளிலும் அப்போது 5.6.0 இருந்தது. ஆனால் வெளி மூலநிரலை மரத்துக்குள் கொண்டுவரும்போது அதன் பில்ட் ஸ்கிரிப்ட்களை விட்டுவிட்டுத் தங்கள் சொந்த மேக் கோப்புகளில் கம்பைல் செய்வது ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கம். பின்வாசலின் பாகங்கள் அந்த விடப்பட்ட பகுதியில் இருந்ததால் உள்ளே வரவே இல்லை. முழு சிஸ்டத்தையும் ஒரே மரத்தில், ஒரே முறையில் கம்பைல் செய்யும் இந்தப் பழக்கத்தை நான் நேசிப்பதற்கு அது ஒரு காரணம்.

இந்த மரத்தைப் பெறும் வழிகளும் காலத்தோடு எவ்வளவோ மாறிவிட்டன. இணைய வசதி குறைந்தவர்களுக்காக மாற்றங்களை மின்னஞ்சலில் துண்டு துண்டாக அனுப்பும் சிடிஎம் என்ற முறையை பால்-ஹென்னிங் காம்ப் எழுதினார். பிறகு ஜான் போல்ஸ்ட்ராவின் சிவிஎஸ்அப் வந்தது; மாடுலா-3 மொழியில் எழுதியது, மாறிய வரிகளை மட்டும் இறக்கும். 2008-இல் சப்வெர்ஷன், 2020 டிசம்பரில் கிட். கிட் வந்ததில் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய லாபம் பைசெக்ட். முழு வரலாற்றோடு இறக்கச் சொன்னது இதற்காகத்தான். போன மாதக் கெர்னலில் வேலை செய்த சவுண்ட் இந்த மாதம் செய்யவில்லை, நடுவில் ஆயிரம் கமிட் என்று வையுங்கள். பாதியில் வெட்டி, கெர்னலை மட்டும் கம்பைல் செய்து பார்த்து, மறுபடி பாதியில் வெட்டினால், பத்தே கெர்னல்களில் குற்றவாளி கமிட் கையில் இருக்கும். சி தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை.

அப்படிக் கண்டதைத் திட்டத்தின் பழுதுப் பதிவேடான பக்ஸில்லாவில் பதியும்போது யுநேம் வரியை முழுதாகக் கொடுங்கள். மெயின், ஒரு என், அதன்பின் கமிட்களின் எண்ணிக்கை, கமிட்டின் ஹாஷ் என்று எல்லாம் அதில் இருக்கும். மேலோட்டமான குளோனில் அந்த எண்ணிக்கை வராது. கூடவே கடைசியாக ஒழுங்காக ஓடிய கமிட்டையும், ஜெனெரிக் கெர்னலிலும் அதே பழுது வருகிறதா என்பதையும், பேனிக் (கெர்னலே நின்றுபோவது) என்றால் அதன் பேக்ட்ரேஸையும், அதாவது எந்த அழைப்புகள் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியலையும், சேருங்கள். லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லாவிட்டால் திரையைப் படமெடுத்தாலும் போதும். முதல் பில்டுக்கு முன்பே டம்ப்டெவ் அமைப்பை இயக்கி, ஸ்வாப் பகுதியை ரேம் அளவுக்காவது வைத்திருந்தால், கெர்னல் விழுந்த நொடியின் பதிவு அடுத்த பூட்டில் வார்-கிராஷ் கோப்பகத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும்.